வால்வு ரேடியோவில் போன் பாட்டு: உங்கள் பெட்டிக்கு எந்த வழி பொருந்தும்?

இலங்கை மலையகத்துப் பழைய வீடுகளில் இன்னும் வால்வு ரேடியோக்கள் மிஞ்சியிருக்கின்றன. தாத்தா ஹட்டன் டவுனில் வாங்கியது, பங்களாவில் சாமான் ஒழிக்கும்போது கைக்கு வந்தது, பென்ஷன் வாங்கிப் போன டீமேக்கர் விட்டுவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்து சேர்ந்திருக்கும். 1967 வரை ரேடியோ சிலோன் என்ற பெயரில் பேசிய நிலையத்தைக் கேட்ட பெட்டிகள் இவை. இன்று பகலில் மத்திய அலையில் முள்ளை நகர்த்தினால் பெரும்பகுதி இரைச்சல்தான். அதனால் ரிப்பேர் முடிந்து பெட்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: "மாமா, போன்ல இருக்க பாட்ட இதுல கேக்க ஏலுமா?"

ஏலும். நாலைந்து வழி இருக்கிறது. ஆனால் எந்த வழி என்பதைப் பெட்டியின் சேசிஸைப் (பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் உலோகத் தகடு) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பெட்டியில் கால்மணி நேர வேலையாக இருக்கும் அதே இணைப்பு, இன்னொரு பெட்டியில் ஆளைக் கொன்றுவிடும். எனவே முதலில் அதைப் பேசிவிடுவோம்.

கரண்டில் ஓடும் வால்வு ரேடியோக்களில் இரண்டு வகை. ஒன்றில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேரே பவர் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் போகும். சேசிஸ் தகட்டுக்கும் சுவர்க் கரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மற்றதில் பவர் ட்ரான்ஸ்ஃபோமரே இருக்காது. ஏசி கரண்ட் உள்ள ஊரிலும் டிசி கரண்ட் உள்ள ஊரிலும் ஓட வேண்டும் என்று செய்த ஏசி/டிசி செட் அது. வால்வுகளைச் சூடாக்கும் இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடராகக் கோத்திருக்கும். மெயின்ஸின் ஒரு வயர் நேராகச் சேசிஸ் தகட்டில் வந்து சேரும். இரண்டு முள் ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் தகடு நியூட்ரல், திருப்பிச் செருகினால் தகடே லைவ். ரேடியோவை நிறுத்தியிருக்கும்போதுகூட, சுவிட்ச் எந்த வயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, இழைகள் வழியாகத் தகட்டுக்கு லைவ் வந்து நிற்கலாம். இந்தத் தகட்டில் போன் வயரின் கிரவுண்டைக் கட்டினால், கையில் இருக்கும் போனின் உலோக விளிம்பு 230 வோல்ட்டில் இருக்கும். போனைப் பிடித்திருப்பது அனேகமாக அந்த வீட்டுப் பிள்ளை.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. ஐரோப்பிய வால்வுகளின் முதல் எழுத்தைப் பாருங்கள். யூசிஎச் 42, யூஎல் 41, யூவை 41 என்று "யூ"வில் தொடங்கினால் 100 மில்லிஅம்பியர் தொடர் இழை. சேசிஸ் லைவ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஎச் 81, ஈஎல் 84 என்று "ஈ"யில் தொடங்கினால் 6.3 வோல்ட் இழை. பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபோமர் செட். "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் உண்டு. ஈ வால்வு போட்ட சில பெட்டிகளில் இருப்பது ஆட்டோ ட்ரான்ஸ்ஃபோமர். பார்வைக்கு ட்ரான்ஸ்ஃபோமர் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரே சுற்றுதான், சேசிஸும் அதோடு சேர்ந்திருக்கும். ஆகவே எழுத்தைப் பார்த்ததோடு விடாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ரேடியோவின் சுவிட்சை மட்டும் ஆன் செய்து வைத்து, ப்ளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் சேசிஸ் தகட்டுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். இரண்டு முள்ளிலும் மீட்டர் அசையாமல் இருந்தால் சுவர்க் கரண்டிலிருந்து பிரிந்த சேசிஸ். ஏதாவது ஒரு முள்ளில் சில ஓமோ சில நூறு ஓமோ காட்டினால் அது லைவ் சேசிஸ். சுவிட்சை ஆன் செய்ய மறந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

இன்னொரு முன்வேலையும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர்; தலவாக்கலை, மஸ்கெலியா பக்கமும் பனியும் தூறலும் வருஷத்தில் பாதிக்கு மேல். அந்த ஈரம் பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர்களுக்கு எமன். பின்மூடியைக் கழற்றினால் மெழுகு வழிந்து கறுத்துப்போன குட்டி உருளைகளாக அவை தெரியும். அதில் முக்கியமானது, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபரட் கண்டென்சர். அதன் வழியாகக் கரண்ட் ஒழுகினால் ஈஎல் 84 போன்ற வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சூடேறும், கடைசியில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரையும் கொண்டுபோகும். வால்வு கிடைத்தாலும் கிடைக்கும், அந்த ட்ரான்ஸ்ஃபோமர் கிடைக்காது. போன் இணைப்பைப் பற்றி யோசிக்கும் முன்பு இந்த ஒரு கண்டென்சரையாவது 400 அல்லது 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சராக மாற்றிவிடுங்கள். பல வருஷம் ஓடாத பெட்டியை முதல் தடவை நேராகச் சுவரில் செருகவும் வேண்டாம். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு, அது முழு வெளிச்சத்தில் எரிகிறதா, மங்கி அடங்குகிறதா என்று பாருங்கள். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷோட்.

சரி, இனி வழிகள்.

பிரிந்த சேசிஸ் உள்ள பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏரியல், எர்த் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் கிராமபோன் தட்டின் படத்தோடு இரண்டு ஓட்டைகள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதுதான் பிக்அப் சொக்கட். அந்தக் காலத்து இசைத்தட்டு ஊசித் தலையான கிரிஸ்டல் பிக்அப்பை மாட்டுவதற்கு வைத்தது. அது எதிர்பார்க்கும் சிக்னல் ஒரு வோல்ட்டில் சில பங்கு. ஹெட்போன் ஓட்டையிலிருந்து போன் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டும் இவ்வளவு பொருந்தி வருவதால், என் கணக்கில் இதைவிட நல்ல வழி வேறு இல்லை. பெட்டியில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம், ஒரு சோல்டர்கூட உள்ளே வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒரு வயர் மட்டும். போன் கொடுப்பது இடம், வலம் என்று இரண்டு சேனல்; ரேடியோவுக்கு வேண்டியது ஒன்று. பலரும் இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டினால் ஒரு சேனலின் ஆம்ப்ளிஃபயர் மற்றதோடு மோதும். சத்தம் கரகரக்கும், போனுக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு சேனலிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, இரண்டு ரெசிஸ்டரின் மறுமுனைகளையும் சேர்த்து, அந்த இடத்திலிருந்து ஷீல்ட் வயரில் சொக்கட்டுக்குக் கொண்டு போங்கள். ஷீல்ட் கிரவுண்ட் ஓட்டைக்கு. எந்த ஓட்டை கிரவுண்ட் என்பதை மீட்டரே சொல்லும்: சேசிஸோடு சேர்ந்து காட்டுவது அது. இரண்டு ரெசிஸ்டரையும் ப்ளக்கின் மூடிக்குள்ளேயே அடக்கிவிடலாம். புதுப் போன்கள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. டைப்-சி அடாப்டர் ஒன்று இடையில் வேண்டும்.

பேண்ட் சுவிட்சைக் கிராமபோன் நிலைக்குத் திருப்பியதும் நல்ல பெட்டிகளில் ரேடியோப் பகுதி அடங்கிவிடும். மலிவாகச் செய்த சிலவற்றில் அடங்காது, பாட்டுக்குப் பின்னால் ஏதாவது நிலையம் முணுமுணுக்கும். முள்ளை வெற்றிடத்துக்கு நகர்த்தினால் போதும். போனைச் சார்ஜில் போட்டபடி கேட்டால் சில நேரம் ஹம் (உறுமல் சத்தம்) வரும். அது சார்ஜர் வழியாக வருவது, ரேடியோவின் குற்றம் இல்லை; சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். போனின் சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்துவிட்டு மிச்சத்தை ரேடியோ குமிழில் கூட்டுங்கள். ஈஎல் 84 போட்ட பெட்டி மூன்று, நாலு வாட்ஸ்தான் கொடுக்கும். ஆனால் அகலமான ஸ்பீக்கர், கனமான மரப்பெட்டி. தவிலும் மிருதங்கமும் அதில் விழும்போது வருகிற கனம் கையடக்க ஸ்பீக்கரில் வராது.

பிக்அப் சொக்கட் இல்லாத, ஆனால் சேசிஸ் பிரிந்த பெட்டிகளில் வால்யூம் கண்ட்ரோலின் மேல் முனையில் சிக்னலைக் கொடுக்கலாம். வழி சரிதான், இரண்டு விஷயத்தைக் கவனித்தால். ஒன்று, அந்த முனையில், அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டரின் டிசி வோல்ட் இருக்கும். அதனால் நடுவில் 0.1 மைக்ரோஃபரட் கண்டென்சர் ஒன்று கட்டாயம். மற்றது, வால்யூம் கண்ட்ரோல் 500 கிலோ ஓம் அல்லது 1 மெகா ஓம். போன் வயரோ சில கிலோ ஓம்தான். போன் வயர் நிரந்தரமாக அங்கே தொங்கினால் ரேடியோ சிக்னலை அது உறிஞ்சிவிடும், நிலையமே கேட்காது. ஆகவே ரேடியோ அல்லது போன் என்று மாற்றும் சுவிட்ச் வேண்டும். சுவிட்சுக்காகப் பெட்டியின் முகப்பில் ஓட்டை போடாதீர்கள். பின்மூடியில் போடலாம், பின்மூடி கார்ட்போர்ட் மாதிரி அட்டைதான், அதையும் வேறொன்று வெட்டி மாட்டி அசலைப் பத்திரமாக வைக்கலாம்.

இப்போது பலருக்கும் பிடித்தது புளூடூத். குட்டிப் பலகை ஒன்று, மலிவாகக் கிடைக்கிறது, வயர் தொல்லை இல்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பாட்டு வரும், சந்தேகமில்லை. சிக்கல் அதற்குக் கரண்ட் கொடுப்பதில் இருக்கிறது. பெட்டிக்குள் 6.3 வோல்ட் இழைக் கரண்ட் இருக்கிறதே, அதை ரெக்டிஃபை செய்து (ஏசியை டிசியாக்கி) 5 வோல்ட் ஆக்கலாம் என்று தோன்றும். நிறையப் பெட்டிகளில் அந்த இழை வயரில் ஒன்று சேசிஸில் கட்டியிருக்கும். அங்கே நாலு டயோட் உள்ள பிரிட்ஜ் ரெக்டிஃபயர் போட்டு, பலகையின் கிரவுண்டையும் சேசிஸில் கட்டினால், ஒரு டயோட் வழியாக இழைச் சுற்று ஷோட் ஆகும். ஒரே டயோட் உள்ள அரை அலை ரெக்டிஃபயர் போட வேண்டும், கண்டென்சர் பெரியதாக வேண்டும். அப்படியும் பாட்டுக்கு நடுவில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு மெல்லிய ஊளை கேட்டால், உள்ளே வரும் கரண்டும் வெளியே போகும் கரண்டும் பிரிக்கப்பட்ட 5 வோல்ட் டிசி மாற்றி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். இழைக்குப் பதில் போன் சார்ஜர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் வேலை சுலபம். ஆனால் அதன் சுவிட்சிங் இரைச்சல் மத்திய அலை முழுவதையும் மூடும். இரவில் தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு அந்த இரைச்சல் பெரிய இழப்பு. ரேடியோ கேட்கும்போது புளூடூத்துக்கும் சார்ஜருக்கும் போகும் கரண்டை முழுதாக அறுக்கும் சுவிட்ச் இல்லாமல் இந்த வேலையை முடித்தது என்று சொல்ல மாட்டேன்.

லைவ் சேசிஸ் பெட்டிக்கு புளூடூத் ஒரு விதத்தில் பொருத்தம். வெளியே எந்த வயரும் வருவதில்லை, போன் மேசையின் அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் உள்ளே போன பிறகு அந்தப் பலகையும் லைவ்தான். அதன் யூஎஸ்பி ஓட்டையோ, பட்டனோ, ஏரியல் துண்டோ பெட்டிக்கு வெளியே நீட்டக் கூடாது. சார்ஜ் செய்ய வசதி என்று பின்மூடியில் ஓட்டை வெட்டுவது இந்தப் பெட்டியில் முழு ஆபத்து. இதே பெட்டிகளில் குமிழை இறுக்கும் குட்டி ஸ்க்ரூவின் குழியில் மெழுகு ஊற்றியிருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்டு சேசிஸோடு சேர்ந்தது, விரல் படக் கூடாது என்பதற்காக. குமிழ் தொலைந்த லைவ் சேசிஸ் ரேடியோவைப் புதுக் குமிழ் போடாமல் ஓட்டவே வேண்டாம்.

லைவ் சேசிஸுக்கு வயர் இணைப்புத்தான் வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு ஒரே சரியான வழி, சுவர்க் கரண்டிலிருந்து ரேடியோவைப் பிரித்து வைக்கும் 230-க்கு 230 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர். ரேடியோவுக்கு வெளியே, கரண்ட் பாதையில் வைப்பது. அதன்பின் சேசிஸை எர்த் செய்துவிடலாம். ரேடியோ 40, 50 வாட்ஸ் இழுத்தாலும் 100 விஏ (வோல்ட்-அம்பியர்) அளவு எடுங்கள். இந்தப் பெட்டிகளின் ரெக்டிஃபயர் அரை அலை என்பதால் ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்பு கூடுதலாகச் சூடேறும். கடையில் 230-110 "ஸ்டெப் டவுன்" பெட்டியைக் காட்டி அதே வேலை செய்யும் என்பார்கள். அவற்றில் நிறைய ஆட்டோ ட்ரான்ஸ்ஃபோமர், எதையும் பிரிக்காது. கம்ப்யூட்டர் ஹம்முக்கு விற்கும் சின்ன ஆடியோ ஐசொலேட்டரை நம்பி லைவ் சேசிஸில் போனைக் கட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹம்மை நிறுத்தச் செய்த சாமான் அது. 230 வோல்ட்டை ஆளிடமிருந்து பிரித்து வைக்கும் என்று அதைச் செய்தவரே சொல்வதில்லை.

அப்புறம் நான் மனதார விரும்பும் வழி: சின்ன ஏஎம் ட்ரான்ஸ்மிட்டர். போனை அதில் செருகினால் அது மத்திய அலையில் ஒரு குட்டி நிலையமாகிவிடும்; ரேடியோவில் முள்ளைத் திருப்பி அதைப் பிடிக்க வேண்டியதுதான். பெட்டியைத் தொடவே வேண்டாம். லைவ் சேசிஸோ, பிரிந்த சேசிஸோ, கவலை இல்லை. இன்ஷுலேஷன் உள்ள வயரை இரண்டு மூன்று சுற்று வளையமாக்கிப் பெட்டியின் பின்னால் வைத்தால் போதும். லைவ் சேசிஸ் பெட்டியில் அந்த வயரை ஏரியல் ஓட்டைக்குள் மட்டும் செருகாதீர்கள். ஓட்டைக்குப் பின்னால் காவலுக்கு நிற்கும் கண்டென்சரும் எழுபது வருஷப் பழசாக இருக்கலாம்.

இந்த வழியில் ரேடியோ முழுவதும் உயிரோடு வேலை செய்கிறது. மிக்சர், ஐஎஃப் (இடை அதிர்வெண்), டிடெக்டர் எல்லாம் பங்கெடுக்கும். நிலையம் சரியாகப் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண் உள்ள பெட்டி என்றால், முள் நிலையத்தில் உட்கார உட்கார அந்தக் கண் மெல்ல மூடுவதைப் பார்க்கலாம். பிக்அப் வழியில் அது சும்மா விழித்துக்கொண்டிருக்கும். இழப்பும் உண்டு. ஐஎஃப் சுற்றுகள் நாலைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மேல்ஸ்தாயியை வெட்டிவிடும். இன்றைய பாட்டுகளுக்கு அது மந்தமாகக் கேட்கும். 1950, 60-களின் பாட்டுகளுக்கும் நாடகத்துக்கும் செய்தி வாசிப்புக்கும் ஒரு குறையும் தெரியாது. அந்தப் பாட்டுகளை இந்த நாட்டில் முதலில் கேட்டவர்கள் கேட்டதும் இந்தக் குரலில்தான்.

அலை பரப்பும் எந்தச் சாதனமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்குள் வரும். மேசைக்கு அப்பால் கேட்காத அளவுக்குச் சக்தியைக் குறைத்தே வையுங்கள். நீள வயரைக் கூரைக்கு ஏற்றி லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கக் கேட்க வைக்கும் ஆசை வேண்டாம். காரில் செருகும் எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டரை வாங்கி வந்து கேட்கவில்லை என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. எஃப்எம் பேண்ட் இல்லாத பெட்டியில் அது கேட்கவே கேட்காது. 50-களின் ஜெர்மன் பெட்டிகளில் எஃப்எம் இருந்தாலும் பல 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ட்ரான்ஸ்மிட்டரை அதற்குக் கீழே வைக்க வேண்டும்.

உள்ளே உள்ளதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பலகையும் எல்ஈடியும் வைத்துத் தருகிற வேலை ஒன்றும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்த பெட்டியைத் திரும்ப ரேடியோவாக்க முடியாது.

கடைசியாக, கரண்ட் வராத காலத்து லயங்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் பாடிய பேட்டரி வால்வு செட்டுகள். டிகே 96, டிஎஃப் 96, டிஏஎஃப் 96, டிஎல் 96 வால்வுகள். 90 வோல்ட் ஒன்று, ஒன்றரை வோல்ட் ஒன்று என்று இரண்டு பேட்டரி. அந்த 90 வோல்ட் பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. பத்து 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டினால் அதே 90 வோல்ட். இழைகளுக்குப் பெரிய டார்ச் பேட்டரி ஒன்று. நாலு வால்வின் இழைகளும் சேர்ந்து 125 மில்லிஅம்பியர்தான் இழுக்கும், நன்றாகத் தாங்கும். ஆனால் 90 வோல்ட் வயர் ஒரு விநாடி தவறி இழை முனையில் பட்டால் நாலு வால்வும் ஒன்றாகப் போய்விடும், ஆகவே வயர்களை வெவ்வேறு நிறத்தில் எடுங்கள். இந்தப் பெட்டிக்கும் ஏஎம் ட்ரான்ஸ்மிட்டரையே சொல்வேன். உள்ளே கை வைக்காமல் விட்டால்தான் இவை பிழைக்கும்.

எந்த வழியில் போனாலும், செய்ததை ஒரு தாளில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்: எந்தக் கண்டென்சர் மாற்றியது, எந்த முனையில் எந்த வயர், எந்த வருஷம். லைவ் சேசிஸ் என்றால் அதைச் சிவப்பு மையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், அடுத்த முறை திறப்பவர் பதுளையில் ஒரு ரிப்பேர் பாஸாக இருக்கலாம், கண்டியில் ஒரு மாணவனாக இருக்கலாம்.